செவ்வாய், வெள்ளி கன்னம் கிடையாது

போன மாசம் எங்கள் பழைய மில்லிலிருந்து ஒரு போன் வந்தது. கௌசல்யா என்று லேப்பில் வேலை பார்க்கிற பெண். நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு சேர்ந்தவள், குரல் மட்டும்தான் எனக்குப் பழக்கம். துணி எவ்வளவு இழுபடுகிறது, தொட்டால் மெதுவாக இருக்கிறதா முரடாக இருக்கிறதா என்று ரெண்டையும் அதுவே அளந்து நம்பராகக் காட்டுகிற வெளிநாட்டு மிஷின் ஒன்று வந்திருக்கிறதாம். அதை வைக்க இடம் ஒழிக்கும்போது பீரோவுக்குப் பின்னால் ஒரு தகரப் போர்டு கிடைத்ததாம்.

"ஐயா, அதுல மூணு வரி இருக்குதுங்க. மொத வரி, 'செவ்வாய், வெள்ளி கன்னம் கிடையாது'. ரெண்டாவது வரி, 'விரதக் கன்னம் கிடையாது'. மூணாவது வரி துருப்புடிச்சுப் போச்சுங்க, படிக்க முடியல. இங்க யாரைக் கேட்டாலும் தெரியலைங்கறாங்க. மேனேஜர் சார், இது ஏதோ சாமி காரியமாட்ட இருக்குது, தொடச்சுப் பொட்டு வெச்சுக் கும்பிட்டுடுங்கன்னு சொல்றாருங்க. நீங்கதான் பழைய ஆளுன்னாங்க."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அது சாமி காரியம் இல்லை சாமி. துணி அளக்குற சட்டம். பொட்டு கிட்டு வெச்சுராதீங்க. நான் எழுதியே அனுப்பறேன்" என்றேன்.

"அந்த மூணாவது வரி என்னங்க ஐயா?"

"அது மறந்து போச்சு சாமி" என்று போனை வைத்துவிட்டேன்.

ஆக, எழுதுகிறேன். நான் படித்தது அஞ்சாவது. ஆறாவது சேர்க்க எங்கள் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ஆட்டையாம்பட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போன அன்று வாத்தியார் வரவில்லை. வந்த நடை வீணாகக் கூடாது என்று அப்பா என்னைப் பக்கத்துத் தறிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த வாத்தியார் மட்டும் அன்றைக்கு வந்திருந்தால் நான் இன்று ஏதாவது ஆபீசில் பைல் கட்டிக்கொண்டு வீணாய்ப் போயிருப்பேன். நல்ல மனுசன், வரவில்லை.

நூல் சுற்றினேன், அறுந்த இழை முடிந்தேன், தறி ஓட்டினேன், துணி மடித்தேன். பிறகு திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற ரோட்டில் ஒரு பிராசசிங் மில்லில் சேர்ந்தேன். தறியில் நெய்த துணியைச் சலவை செய்து, சாயம் போட்டு, கடைசியாக மெதுமெதுப்பாக்கிச் சுருட்டி அனுப்புகிற இடம். பாய்லருக்கு விறகு தள்ளுகிற விறகுக் குழியில் ஆரம்பித்து, பதினோரு வருசத்தில் இழுவை மேஜைக்கு வந்து சேர்ந்தேன். நடுவில் ஏறிய படி ஒவ்வொன்றையும் நானே போட்டு நானே ஏறினேன். யாரும் கை கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கொடுத்தார்கள், நான்தான் பிடிக்கவில்லை.

இழுவை மேஜை என்றால் என்ன என்று சொல்கிறேன். பேண்ட் தைக்கிற துணியில் எலாஸ்டிக் நூல் கலந்து நெய்வார்கள். உட்கார்ந்தால் விரிய வேண்டும், எழுந்தால் சுருங்க வேண்டும். அதை அளக்க ஒவ்வொரு ரோலிலும் ரெண்டு விரல்கடை அகலத்துக்கு ஒரு பட்டை கிழித்து, பத்து அங்குல இடைவெளி விட்டு ரெண்டு கோடு போடுவேன். மேல் முனையைக் கிடுக்கியில் கட்டி, கீழ் முனையில் எடை தொங்கவிட்டு அரை மணி நேரம் விடுவேன். இப்போது ரெண்டு கோட்டுக்கும் நடுவில் பன்னிரண்டரை அங்குலம் இருந்தால் இருபத்தஞ்சு சதவீதம் இழுவை. ஏன் பத்து அங்குலம் என்றால், பத்தில் கோடு போட்டுவிட்டால் கணக்கே வேண்டாம், ஸ்கேலே சதவீதத்தைச் சொல்லிவிடும். அஞ்சாவது படித்தவனுக்கு இது போதும். பி.டெக் படித்தவர்கள் இன்னும் கால்குலேட்டரைத் தட்டுகிறார்கள்.

அதோடு முடியவில்லை. எடையை அவிழ்த்து, பட்டையை மேஜையில் ஒரு மணி நேரம் படுக்கப் போட்டு மறுபடி அளக்க வேண்டும். இதுதான் முக்கியம். இழுபடுவது பெரிசில்லை, எந்தக் கந்தலும் இழுபடும். திரும்பி வர வேண்டும். மாமியார் ஊட்டுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி. அங்கே எத்தனை நீளம் காட்டினாலும் காட்டட்டும், மறுநாள் பழைய அளவுக்கு ஊடு வந்து சேர வேண்டும். பத்தே கால் வரைக்கும் வந்தால் பாஸ். பத்தரையைத் தாண்டி நின்றால் அந்தத் துணியில் தைத்த பேண்ட்டுக்கு ஒரே வாரத்தில் முட்டி புடைத்துக்கொள்ளும்.

எடைக்கு நான் வைத்திருந்தது லாரி வீல் நட்டு. சங்ககிரிப் பட்டறையில் பொறுக்கியெடுத்து, மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, கூடினதை அரத்தால் ராவிச் சரி செய்து கோர்த்த மாலை. ஒருமுறை சென்னையிலிருந்து வந்தவர்கள் வெல்வெட் பெட்டியில் பித்தளை எடை கொண்டுவந்து அளந்து பார்த்தார்கள். என் நட்டுக்கும் அவர்கள் பித்தளைக்கும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை. இதை நான் சொல்லக் கூடாது, ஆனால் சொல்ல வேறு ஆள் உயிரோடு இல்லை.

இழுவைக்கு ஸ்கேல் உண்டு. மெதுவுக்கு எந்த ஸ்கேலை வைப்பது? அதற்கு எங்கள் மில்லில் ஒரே ஒரு கருவிதான் இருந்தது. அது தங்கவேல் மாஸ்டரின் வலது கன்னம்.

மாஸ்டர்தான் குவாலிட்டிக்கு மொத்தமும் தலை. என்னைவிடப் பதினைந்து வயசு மூத்தவர். நெட்டை ஆள், வெள்ளைச் சட்டை, அதில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. கையால் துணியைத் தொட்டுச் சொல்கிறவர்களை அவர் மதிக்கவே மாட்டார். "கை பீடியைத் தொடுது, காசைத் தொடுது, கண்ட கழுதையத் தொடுது. அதுக்கு என்ன தெரியும்? கன்னம் யாரைத் தொட்டுது அப்புனு? பெத்த தாயைத் தொட்டுது, அவ்வளவுதான்" என்பார். காலையில் ஆறு மணிக்கு பஸ் ஸ்டாப் எதிர்க் கடையில் முகச்சவரம். மில்லுக்கு வந்ததும் சோப்புப் போடாமல் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவுவார். தகரப் பெட்டியில் அதற்கென்று வைத்திருக்கும் பழைய வேட்டித் துண்டால் ஒற்றி எடுப்பார், தேய்க்க மாட்டார். காற்றாடிக்கு முதுகு காட்டி மர நாற்காலியில் உட்காருவார்.

நான் ரோலிலிருந்து ஒரு சாண் துணி வெட்டி, ரெண்டாக மடித்து நீட்டுவேன். கண்ணை மூடுவார். காதோரத்தில் வைத்து, தாடை வரைக்கும் ஒரே இழுப்பு. ரெண்டாவது இழுப்பு கிடையாது. ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"ரெண்டாவது இழுப்புல துணி சுதாரிச்சுக்கும் அப்புனு. பொண்ணு பார்க்கப் போன ஊட்டுல ரெண்டாவது தடவ போனா பலகாரம் மாறிடுமல்ல, அது மாதிரி."

கண்ணைத் திறக்காமல் ஒரு வார்த்தை சொல்வார். மொத்தம் நாலே வார்த்தை. வெண்ணெய், தயிர், சோளத்தட்டு, கத்தாழை. வெண்ணெய் என்றால் லோடு ஏற்றலாம். தயிர் என்றால் ஏற்றலாம், ஆனால் பெருமைப்பட முடியாது. சோளத்தட்டு என்றால் மறுபடி மருந்தில் முக்கி எடுக்க வேண்டும். கத்தாழை என்றால் யார் மேலாவது சத்தம் விழும். அந்த வார்த்தையை அப்படியே ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. ஒருமுறை ஆடிட் செய்ய வந்தவர் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, "இதென்ன, மில்லுல மாட்டுப் பண்ணை நடத்தறீங்களா?" என்று கேட்டார்.

இதில் ஒரு விசயம் எனக்கு ரொம்ப நாளாக உறுத்தியது. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வெண்ணெய் வரவே வராது. அதே நூல், அதே மருந்து, அதே ஆள். திங்கட்கிழமை வெண்ணெயாக இருந்தது செவ்வாய்க்கிழமை தயிர். இதற்கு மில்லில் ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். பாய்லர்க்காரர், செவ்வாய் சந்தை நாள், ஈர விறகு வருது, சூடு பத்தல என்பார். தண்ணீர்த் தொட்டிக்காரர், போர் தண்ணியில் உப்பு ஏறுது என்பார். மொதலாளி, அது அம்மன் நாள், அன்னைக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, செவ்வாய் வெள்ளியில் மிஷினுக்கு எலுமிச்சம்பழம் கட்டச் சொல்லிவிட்டார். கட்டினோம். எலுமிச்சம்பழம் வாடினதுதான் மிச்சம், வெண்ணெய் வரவில்லை.

அந்த வருசம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. பெண்கள் போடுகிற பேண்ட் துணி, எலாஸ்டிக் நூல் கலந்தது. பெங்களூரிலிருந்து ஒரு மேடம் நேரில் வந்து பார்த்து ஓகே சொன்னால்தான் லோடு ஏறும். ஆரம்பத்தில் ஓட்டிய ரோலிலிருந்து மாஸ்டர் ஒரு துண்டு எடுத்து, வெண்ணெய் என்று சொல்லி, மூலையில் கையெழுத்துப் போட்டு, கவரில் போட்டு ஒட்டி என்னிடம் கொடுத்தார். அதற்குப் பேர் மாஸ்டர் சாம்பிள். மீதி அத்தனை துணியும் அந்தத் துண்டு மாதிரியே இருக்க வேண்டும், அதுதான் ஒப்பந்தம்.

அப்போது ஊர் மாரியம்மனுக்குப் பூச்சாட்டித் திருவிழா தொடங்கினார்கள். மாஸ்டரின் சம்சாரத்துக்கு முட்டியில் ஆபரேசன் ஆகி நல்லபடியாக நடந்ததால், வேண்டுதலுக்காக அந்த வருசம் முதல் தடவையாக மாஸ்டர் கையில் காப்புக் கட்டிக்கொண்டார். பதினைந்து நாள் கவுச்சி கிடையாது, செருப்பு கிடையாது, மஞ்சள் வேட்டி. வெறும் காலோடு மில்லுக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதல் நாள் வெண்ணெய். ரெண்டாம் நாள் தயிர். நாலாம் நாள் சோளத்தட்டு. ஆறாம் நாள் காலையில் என் கையிலிருந்து துண்டை வாங்கி ஒரே இழுப்பு இழுத்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"கத்தாழை! என்னப்பா கலக்குற நீ? தொட்டிக்குள்ள கருவேல முள்ளைக் கொட்டுறயா?"

மெதுமருந்தை எவ்வளவு ஊற்றுவது என்று சீட்டு எழுதுவது நான். துணி அந்தத் தொட்டியில் முங்கி, பிழிந்து, சூட்டில் காய்ந்து வெளியே வரும். ஆக, துணி முரடாகிவிட்டால் திட்டு எனக்குத்தான். ரெண்டு மக் ஊற்றிக்கொண்டிருந்தவன் மூணு மக் ஆக்கினேன். கத்தாழை. நாலு ஆக்கினேன். கத்தாழை. அஞ்சு மக் ஊற்றினேன், துணி கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. மாஸ்டர் கன்னத்தில் அது அப்போதும் கத்தாழைதான்.

இந்த நேரத்தில் இழுவை மேஜை என் காலை வாரியது. அஞ்சு மக் துணியில் பட்டை கிழித்து வீல் நட்டைத் தொங்கவிட்டேன். பன்னிரண்டரைக்குப் போக வேண்டியது பதிமூணுக்குப் போனது. சரி, போகட்டும். படுக்கப் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பத்தே முக்காலில் படுத்துக் கிடந்தது, திரும்பி வரவே இல்லை. மருந்து அதிகமாகி உள்ளே இழைக்கு இழை பிடிப்பு விட்டுவிட்டது. மருந்தைக் கூட்டினால் என் மேஜையில் பெயில், குறைத்தால் மாஸ்டர் கன்னத்தில் பெயில். உலக்கைக்கும் உரலுக்கும் நடுவில் நான்.

மொதலாளி என்னைக் கூப்பிட்டார். அவரும் மஞ்சள் வேட்டிதான், காப்புதான். சத்தம் போடவே மாட்டார், அதுதான் பயம்.

"அர்த்தநாரி, வெசாழக்கெழமை மேடம் வாராங்க. மாஸ்டர் கன்னம் இருவது வருசத்துல பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. நீ கலக்குறதுலதான் கோளாறு. அன்னைக்கும் கத்தாழைன்னா, நீ மேஜையை விட்டுட்டு மறுபடி விறகுக் குழிக்குப் போயிரு. கோவிச்சுக்காத."

கோவிச்சுக்காதயாம். பதினோரு வருசம் ஏறின படியை ஒரே வார்த்தையில் இறங்கச் சொன்னால் எந்த மனுசன் கோவிச்சுக்காமல் இருப்பான்? அன்று சாயங்காலம் ஆறு ரோலில் ஆறு துண்டு வெட்டி, மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வாசலில் உட்கார்ந்து என் கன்னத்தில் இழுத்தேன். ரெண்டு மக் துணி தயிருக்குக் குறைவில்லை. ஒருவேளை பயத்தில் எனக்கு அப்படித் தோன்றுகிறதோ என்று சம்சாரம் பாவாயியைக் கூப்பிட்டேன். அடுப்படியிலிருந்து வந்தாள்.

"ஏம்புள்ள, இதைக் கன்னத்துல வெச்சு இழுத்துப் பாரு."

"ஏனுங்க, கெரகம் கிரகம் புடிச்சுப் போச்சா உங்களுக்கு?"

"இழுத்துப் பாருங்கறேன்."

இழுத்தாள். "நல்லா மெதுவாத்தான் இருக்குது. இதுல எனக்கு ஒரு பாவாடை துணி கொண்டாந்தா என்ன கொறஞ்சா போயிருவீங்க?"

"மாஸ்டர் இதைக் கத்தாழைங்கறாரு."

பாவாயி துண்டைத் திருப்பிக் கொடுத்தாள். "அந்த மனுசன் ஆறு நாளா சவரம் பண்ணாம கருவேலங்காடாட்ட மொகத்தை வெச்சுட்டிருக்காரு. நேத்துக் கோயில்ல பார்த்தனே. அந்தக் காட்டுல பட்டுச் சீலைய இழுத்தாக் கூடத்தான் கத்தாழையா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, குழம்பு அடிப்பிடிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். செவ்வாய், வெள்ளி! செவ்வாயும் வெள்ளியும் யாரும் முகச்சவரம் செய்வதில்லை. செவ்வாய்க்கிழமை கடையே பூட்டுதான். திங்கட்கிழமை மழித்த கன்னத்தில் செவ்வாய்க்கிழமை ஒரு நாள் முள் முளைத்திருக்கும். ஈர விறகும் இல்லை, போர் தண்ணியும் இல்லை. பாவம், எத்தனை எலுமிச்சம்பழத்தை வீணாகக் கட்டினோம்!

இதை நான் கண்டுபிடித்ததாகத்தான் இத்தனை வருசமாக ஊரெல்லாம் சொல்லி வந்தேன். எழுதும்போது கை வரவில்லை. பாவாயிதான் கண்டுபிடித்தாள், குழம்புக் கரண்டியோடு, அரை நிமிசத்தில்.

கண்டுபிடித்தாயிற்று. யார் வாய் திறந்து சொல்வது? வேறு தாடியாக இருந்தால் சொல்லிவிடலாம். இது அம்மனுக்கு வளர்க்கிற தாடி. தாடியால்தான் துணி கெட்டது என்று மொதலாளியிடம் போய்ச் சொன்னால், அம்மன் மேலேயே பழி போடுகிறான் என்று விறகுக் குழிக்குக்கூட விட மாட்டார். மாஸ்டரிடம் நேராகச் சொல்லலாம் என்றால், இருபது வருசம் பேர் எடுத்த கன்னம் அது. நீங்கள் தப்பு என்று அந்தக் கன்னத்தைப் பார்த்துச் சொல்ல என் வாய்க்கு வரவில்லை. ரெண்டு நாள் யோசித்தேன். பிறகு, நான் சொல்ல வேண்டாம், துணியே சொல்லட்டும் என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை காலையில் ஆறு மணிக்கே மாஸ்டர் போகிற அதே கடையில் போய் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டேன். வெளியூர் மேடம் வருகிறார், ஆள் பளிச்சென்று இருக்க வேண்டும் அல்லவா. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மேடம் வந்தார். முப்பத்தஞ்சு வயசு இருக்கும், கையில் ஒரு பை, பேச்சில் மரியாதை. மொதலாளி நின்றார். மாஸ்டர் எட்டு நாள் தாடியோடு நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜையில் பத்துத் துண்டு அடுக்கி வைத்திருந்தேன். முதல் துண்டை நீட்டினேன். கத்தாழை. ரெண்டாவது, கத்தாழை. மொதலாளி என்னைப் பார்த்தார். விறகுக் குழியின் சூடு அப்போதே என் முதுகில் அடித்தது. மூணாவதாக, கவரைக் கிழித்து நான் எடுத்து வைத்திருந்த மாஸ்டர் சாம்பிளை, கையெழுத்து உள்பக்கம் போகும்படி மடித்து நீட்டினேன்.

காதோரம் வைத்தார். தாடை வரைக்கும் ஒரே இழுப்பு. சரக் என்று சத்தம் எனக்கே கேட்டது.

"இதுதான் எல்லாத்துலயும் மோசம். கத்தாழை" என்றார்.

"மாஸ்டருங்க, கண்ணைத் தொறந்து மடிப்பைப் பிரிச்சுப் பாருங்க" என்றேன்.

பிரித்தார். மூலையில் அவருடைய கையெழுத்து. மொதலாளி எட்டிப் பார்த்தார். மேடமும் பார்த்தார். மாஸ்டர் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கி, ஒரு நாளும் துணியைத் தடவிப் பார்க்காத கையால், தன் தாடியைத் தடவினார். ஒருமுறை மேலிருந்து கீழே, ஒருமுறை கீழிருந்து மேலே.

"அட கெரகமே" என்றார். "அப்ப இத்தனை வருசமா, செவ்வா, வெள்ளி..."

"ஆமாங்க மாஸ்டர்."

"அந்த எலுமிச்சம்பழம்..."

"ஆமாங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மொதலாளியைப் பார்த்துத் திரும்பினார். "மொதலாளி, இவனை விறகுக் குழிக்கு அனுப்பறதுன்னா, எனக்கும் ஒரு கோடாலி சேத்து வாங்கி வெச்சிருங்க. தப்பு மருந்துல இல்ல. என்ற மொகரையில இருக்குது."

மொதலாளி தன் தாடியைத் தடவிக்கொண்டு, "அம்மன் காரியத்துல நாம என்னத்தைச் சொல்றது" என்றார். என் மேஜை எனக்கே என்று அதில் அர்த்தம்.

மேடம்தான் வேலையை விடவில்லை. "சரிங்க, அப்போ இன்னைக்கு யார் பார்த்துச் சொல்லப் போறீங்க? எனக்கு லோடு இன்னைக்கே முடிவாகணும்."

காப்பு அவிழ இன்னும் ஏழு நாள் இருந்தது. அதுவரைக்கும் மாஸ்டர் கன்னத்தில் கத்தி வைக்க முடியாது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, அதைக் காலால் என் பக்கம் தள்ளினார். "என்ற கன்னம்தானே விரதம். உன்றது சும்மாத்தானே இருக்குது. உக்காரு அப்புனு."

இத்தனை வருசமாக உன் கன்னத்துக்கு இன்னும் வேலை வரவில்லை என்று சொன்ன மனுசன் அவர். நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த விதம் இருக்கிறதே, மொதலாளிகூட அப்படி உட்கார்ந்தது கிடையாது. காற்றாடிக்கு முதுகு காட்டி, கண்ணை மூடி, கையை நீட்டினேன். மாஸ்டரே துண்டு எடுத்துக் கொடுத்தார்.

"வெண்ணெய்" என்றேன். அடுத்தது. "வெண்ணெய்." அடுத்தது, "நல்ல வெண்ணெய்." பத்தும் வெண்ணெய். கண்ணை மூடிக்கொண்டே, மேடம் என்னைப் பார்த்து வியந்துகொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பதினோராவதாக ஒரு துண்டு கைக்கு வந்தது. ஒரே இழுப்பு. வாய் முந்திக்கொண்டது. "இதுவும் வெண்ணெய்தானுங்க மேடம்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்ணைத் திறந்தேன். என் கையில் இருந்தது ஜவ்வரிசிக் கஞ்சி போட்டு விறைத்துப்போன காடாத் துணி. அதை நிறுத்தினால் தானாக நிற்கும். மேடம் சும்மா இருக்காமல், அலமாரியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்துச் சோதித்திருக்கிறார்.

மாஸ்டர் குனிந்து என் முகத்துக்குக் கிட்டே மூக்கைக் கொண்டுவந்து முகர்ந்தார்.

"மேடம், பய பவுடர் போட்டிருக்கானுங்க" என்றார். "சவரக்கடைக்காரன் படிக்காரம் போட்டு, அப்புறம் அரை டப்பாவைக் கொட்டித் தட்டி விட்டிருக்கான். இந்த மொகத்துல கருங்கல்லை இழுத்தாக்கூட வெண்ணெயாத்தான் இருக்கும்."

மொதலாளி சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான். மாஸ்டர் தகரப் பெட்டியைத் திறந்து, யாருக்கும் தொடக் கொடுக்காத அந்த வேட்டித் துண்டைத் தண்ணீரில் நனைத்து, கன்றுக்குட்டியைத் துடைப்பது போல என் முகத்தைத் துடைத்தார். பிறகு ஒற்றி எடுத்தார், தேய்க்கவில்லை.

"இப்பச் சொல்லு. மெதுவாச் சொல்லு. மேடத்துக்குச் சொல்லாத, துணிக்குச் சொல்லு."

முதலில் காடா. சோளத்தட்டு. மேடம் தலையாட்டினார். ரெண்டு மக் போட்ட துண்டுகள் வெண்ணெய். மூணு மக்கும் வெண்ணெய். அஞ்சு மக் போட்டது கன்னத்தில் வைத்ததுமே நழுவியது. அதற்கு நாலு வார்த்தையில் எதுவும் பொருந்தவில்லை. யோசித்து, "விளக்கெண்ணெய்ங்க" என்றேன்.

"அதென்னய்யா புதுசா?" என்றார் மொதலாளி.

"இழுவை மேஜையிலயும் இதுங்கதான் திரும்பி வரலைங்க. பத்தே முக்கால்ல நிக்குது" என்று ரிஜிஸ்டரைக் காட்டினேன். மேடம் வாங்கிப் பார்த்தார். எந்தெந்த ரோலை என் கன்னம் விளக்கெண்ணெய் என்றதோ, அதே ரோல்தான் மேஜையிலும் பெயில். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவற்றை மட்டும் சலவைக்கு அனுப்பி மறுபடி ரெண்டு மக்கில் முக்க வேண்டும், மீதியை ஏற்றலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். போகும்போது மாஸ்டரைப் பார்த்து, "உங்களுக்குப் பிறகு இவர்தான் போல" என்றார். மாஸ்டர், "பவுடரை விட்டான்னா" என்றார்.

காப்பு அவிழ்த்த மறுநாள் மாஸ்டர் மழமழவென்று வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் துண்டை நீட்டினேன். காதிலிருந்து தாடை வரைக்கும் ஒரே இழுப்பு. "வெண்ணெய்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் திறக்காமலே அரை நிமிசம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பத்து நாளாகப் பட்டினி கிடந்தவன் முதல் வாய் சோறு தின்ற மாதிரி.

அன்று மத்தியானமே லாரிக்குப் பேர் எழுதுகிற பெயிண்டரை வரவழைத்துத் தகரத்தில் போர்டு எழுத வைத்தார். அதனால்தான் மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல், ரெண்டு பக்கமும் தாமரைப்பூ. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அந்தப் பெயிண்டர் 'ஒலி எழுப்பவும்' என்று கீழே எழுதியிருப்பான். மாஸ்டர் ஓய்வு பெற்றுப் போகும்வரை செவ்வாய், வெள்ளியில் எங்கள் மில்லில் மெது பார்க்கவில்லை. அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் நான்தான். என் கன்னம் எத்தனை லாரி துணியைப் பார்த்திருக்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அது என் குற்றமில்லை.

இதை எழுதி முடிக்கிற நேரத்தில் கௌசல்யா மறுபடி போன் செய்தாள். குரலில் அழுகை.

"ஐயா, புது மிஷின் சனிக்கெழமையானா எல்லாத் துணியையும் ஒரே மாதிரி மெதுன்னு காட்டுதுங்க. முரட்டுத் துணி வெச்சாலும் மெதுங்குது. நான்தான் சரியா ஓட்டலைன்னு மேனேஜர் சொல்றாருங்க. கம்பெனிக்காரங்க வந்து பார்த்தும் கண்டுபுடிக்கல."

"வெள்ளிக்கெழமை மிஷினுக்குப் பூஜை போடறீங்களா சாமி?"

"ஆமாங்க."

"துன்னூறு எங்க பூசறாங்க?"

செருப்புச் சத்தம் மிஷின் பக்கம் போனது கேட்டது. பிறகு, "துணி படற அந்தத் தட்டுலதானுங்க... மூணு பட்டையா..." என்றாள்.

இதற்கு மேல் மறைத்தால் ஒரு பெண்ணின் வேலை போகும். விறகுக் குழியின் சூடு எனக்குத் தெரியும். "அந்தப் போர்டைத் தொடச்சு மிஷினுக்கு மேல மாட்டு சாமி. மூணாவது வரி ஞாபகம் வந்துருச்சு. எழுதிக்க" என்றேன்.

அந்த வரியை மாஸ்டர் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து, பெயிண்டருக்கு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி எழுத வைத்தார்: 'பவுடர் கன்னம் கிடையவே கிடையாது.'